மூன்று விரல்கள்

எங்கள் பக்கத்தில் ஓர் உயிரின் விலை நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். மூன்று நான்கு சேர்த்து எடுத்தால் நாலாயிரத்து ஐந்நூறுக்குத் தருவேன். அதற்குக் கீழே இறங்கமாட்டேன். வாங்க வந்தவர் எத்தனை தடவை கடைப் படியை விட்டு இறங்கிப்போய்த் திரும்பி வந்தாலும் சரி.

லைப் ஜக்கட்டைத்தான் சொல்கிறேன். கல்முனை பசாரில் வலை, கயிறு, தூண்டில், மிதவை விற்கிற கடை என்னுடையது. பெயர் சீனிமுகம்மது. கடையில் உள்ளவற்றில் விற்பதற்கு மிகக் கஷ்டமான சாமான் ஜக்கட். வலை வாங்குகிறவனுக்குக் கண்ணுக்குள் மீன் துள்ளும். ஜக்கட் வாங்குகிறவனுக்குக் கண்ணில் தெரிவது ஒலுவில் துறைமுகத்தில் சோதிக்க நிற்கிற அதிகாரி மட்டும்தான். ஆளுக்கொன்று காட்டாமல் ஆழ்கடல் படகு வெளிக்கிட முடியாது. ஆகவே முதலாளிமார் ஜக்கட்டை ஆளுக்காக வாங்குவதில்லை, அதிகாரிக்காக வாங்குகிறார்கள்.

சாய்ந்தமருது முகைதீன்பாவா முதலாளி ஆனி மாதத்தில் வந்து நாலுக்கு விலை கேட்டார்.

"நாலாயிரம் போடு சீனி. நாலு எடுக்கன்."

"கொழும்பில எனக்கு அடங்கினதே அதுக்கு மேல முதலாளி."

"அப்ப மூணுக்குக் காசி தாறன். நாலாவத சும்மா தா."

"சும்மா தாறத்துக்கு இதென்ன கறிவேப்பிலையா?"

படியை விட்டு இறங்கினார், திரும்பி வந்தார், மறுபடி இறங்கினார். கடைசியில் மூன்றுக்குக் காசு வைத்துவிட்டு மூன்றோடு போனார். நாலாவது வாசல் ஆணியிலேயே தொங்கியது. வியாபாரத்தில் இது தினமும் நடக்கிற சங்கதி.

அந்தப் படகில் நான்கு பேர் போனார்கள். தண்டயல், அதாவது படகைக் கொண்டு போகிற பொறுப்பாளி, பதியுதீன். கூடவே ஸிராஜ், கல்முனைத் துலக்சன், நாலாவதாகச் சியாம். சியாம் கடலுக்குப் புதிது. ஓட்டோ ஓட்டியவன். தவணை கட்ட முடியாமல் ஓட்டோவை லீசிங்காரர் தூக்கிக்கொண்டு போன பிறகு, மனைவி நஸ்லா வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் படகேறினான். எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காலம். படகு கிழக்கே போய்க்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்படை அறிக்கை விட்டது. சீற்றம் கொண்ட கடலில், மூன்று மீற்றர் அலைகளுக்கு நடுவே, தீரமான நடவடிக்கையின் மூலம், தத்தளித்த படகிலிருந்த மூன்று மீனவர்களும் பாதுகாப்பாக மீட்கப்பட்டனர். கூடவே ஒரு வீடியோ, வாத்திய இசையோடு.

போனது நாலு பேர். அறிக்கையில் மூன்று.

புதன்கிழமை அந்த மூன்று பேரும் ஊர் வந்தார்கள். உதடு வெடித்து, தோல் உரிந்து, நடக்கத் தெம்பில்லாமல். நஸ்லா ஓடிப்போய்க் கேட்டதற்குப் பதியுதீன் சொன்னது இவ்வளவுதான்: "ஒவ்வொருத்தரா ஏத்தினாங்க புள்ள. எல்லாரும் மயக்கத்தில கிடந்தம். ஒண்டும் தெரியா." மற்ற இரண்டு பேரும் அதுகூடச் சொல்லவில்லை.

மிச்சத்தை ஊர் சொன்னது.

என் கடைக்கு எதிரே நளீமின் தேத்தண்ணிக் கடை. அங்கே அந்த வீடியோவைப் பார்க்காத கைபேசி இல்லை. கல்முனைத் தங்கத்துரை முப்பது வருசமாகக் கடலில் கிடந்தவர். பிளேன்டீயை ஆற்றியபடி சொன்னார்: "கச்சான் காலத்தில நம்மட கடலில மூணு மீற்றர் அலையாம். என்ட தேத்தண்ணிக் கோப்பையில இதவிடக் கூட அடிக்கிது, பாருங்க."

"அலைய உடுங்க அண்ணன்," என்றான் நளீம். "ஜக்கட்டப் பாத்தீங்களா? நம்மட ஆக்கள் கடலில ஜக்கட் போட்டு ஆராவது கண்டிரிக்கா? படம் புடிக்கிறத்துக்குப் போட்டு உட்டிரிக்காங்க."

"வாத்தியக் கோஷ்டியையும் கப்பலில ஏத்திக்கிட்டுத்தான் போயிரிக்காங்க," என்றேன் நான். கடை சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நளீம் எனக்கு ஒரு பணிஸ் தந்தான், காசு வாங்கவில்லை.

நாளுக்கு நாள் சரக்கு கூடியது. சியாம் கடலில் ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டான். போதைத்தூள் கடத்துகிற படகு என்றார்கள். இல்லை, வெளிநாட்டு நீர்மூழ்கி என்றார்கள். திருகோணமலைக் கடற்படை முகாமில் வைத்திருக்கிறார்கள். கிண்ணியாவில் யாருடையவோ மச்சினன் முகாமுக்கு மரக்கறி கொடுக்கிறவன், ஜன்னலில் ஒரு தாடிக்காரனைக் கண்டானாம். சியாமுக்குத் தாடி கிடையாது. பதினைந்து நாளில் வளர்ந்திருக்கும் என்று அதற்கும் பதில் இருந்தது.

ஊரைக் குறை சொல்லவும் முடியாது. தொற்றுக் காலத்தில் எங்கள் ஜனாஸாக்களை, இறந்தவர்களின் உடல்களை, புதைத்தால் நிலத்தடித் தண்ணீர் கெட்டுவிடும் என்று நிபுணர்கள் அறிக்கை வாசித்தார்கள். அதை நம்பச் சொல்லி எரித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அரச முத்திரை விழுந்த தாளை யாரும் முதல் விலைக்கு வாங்குவதில்லை.

நஸ்லா மட்டும் அலைந்தாள். முகாம் வாசல், அரசாங்கக் கச்சேரி, மனித உரிமை அலுவலகம். மாமியார் ஆசியா உம்மா கூடவே போனார். எங்கே போனாலும் ஒரே பதில்: படகில் மூன்று பேர்தான், மூன்று பேரையும் ஒப்படைத்துவிட்டோம். அதைக் கேட்டுவிட்டு பஸ் ஏறி வருவார்கள். இறங்கியதும் நளீமின் கடையில் இருப்பவர்கள் ஆறுதல் சொல்வார்கள். "பயப்படாதீங்க உம்மா. இல்லெண்டு செல்லுறாங்க எண்டாத்தான் இரிக்கி எண்டு அர்த்தம்." ஆசியா உம்மா முகம் தெளிந்து போவார். நஸ்லாவின் முகம் தெளிவதை நான் காணவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் முகாம் வாசலில் ஆர்ப்பாட்டம் என்று முடிவானது. பதாகைக்குத் துணி, பஸ், எல்லாருக்கும் பிளேன்டீ, அத்தனையும் முகைதீன்பாவா முதலாளியின் செலவு. பதாகைத் துணியைப் பக்கத்துப் புடவைக் கடையில்தான் எடுத்தார். கேட்ட விலையைக் கொடுத்தார் என்று புடவைக் கடை முபீன் வந்து என்னிடம் கண்ணை விரித்துச் சொன்னான். முகைதீன்பாவா பேரம் பேசாமல் ஒரு சாமான் வாங்கினார் என்பது கல்முனை பசாரில் செய்திதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது நஸ்லாவும் ஆசியா உம்மாவும் வந்தார்கள்.

"சீனிக் காக்கா, உங்கட கடையில கெமராக்குப் போட்ட பெரிய டிவி இரிக்கில்லியா? அந்த வீடியோவ அதில ஒருக்காப் போட ஏலுமா? என்ட போனில சின்னனாத் தெரியிது. பின்னால ஆராவது நிக்காங்களா எண்டு பாக்கணும்."

போட்டேன். ஆசியா உம்மா கயிற்றுச் சுருள் மேலே உட்கார்ந்தார். நஸ்லா திரைக்குக் கிட்டப் போய் நின்றாள். கப்பலின் மேலிருந்து எடுத்த படம். கீழே படகு, அதில் மூன்று உருவம். படகு ஏறி இறங்கியது. சின்னத் திரையில் தட்டையாகக் கிடந்த கடல் இதில் தட்டையாக இல்லை. படகு கீழே போகும்போது அதன் கூரை முழுதாக மறைந்தது, பிறகு மேலே வந்தது.

ஒவ்வொருவராக ஏணியில் ஏறினார்கள். ஜக்கட்டின் இடுப்புப் பட்டி பச்சை நிறம். கொழும்பு மொத்த வியாபாரி கறுப்புப் பட்டி முடிந்துவிட்டது என்று இந்த முறை எனக்குப் பச்சை தைத்து அனுப்பியிருந்தான். வாங்குகிறவர்கள் எல்லாம் அந்தப் பச்சையைக் காட்டித்தான் விலை குறைக்கப் பார்த்தார்கள்.

"இது நேவிட ஜக்கட் இல்ல," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "என்ட கடைச் சரக்கு."

"எத்தின குடுத்தீங்க காக்கா?"

"மூணு."

"நாலாவது?"

நான் வாசல் ஆணியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பச்சைப் பட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"விலை சரிவரல்ல," என்றேன்.

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். "முதல்ல இருந்து போடுங்க," என்றாள்.

மறுபடி போட்டேன். ஏணி இறக்குவதற்கு முன்னால், கப்பலின் விளிம்பில் ஒரு சிப்பாய் குனிந்து வாயருகே கையை வைத்துக் கீழே ஏதோ கேட்கிறான். வாத்திய இசையில் ஒன்றும் கேட்காது. படகிலிருந்து பதியுதீன் கையைத் தூக்கி மூன்று விரல் காட்டுகிறார். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்று காட்டுகிறார் என்பது நளீமின் கடைத் தீர்ப்பு. அதற்காக அங்கே கண் கலங்கியவர்களும் உண்டு.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். திரையில் மூன்று விரல் அசையாமல் நின்றது.

"சீனிக் காக்கா, நேவி பொய் செல்லுமா?"

"செல்லும்."

"கூட்டியா செல்லும், குறைச்சா?"

முப்பது வருசமாகக் கடையில் நிற்கிறேன். தன் சரக்கைப் புகழ்கிறவன் பத்தைப் பன்னிரண்டு என்பான். பன்னிரண்டைப் பத்து என்று சொல்கிற வியாபாரியை நான் இன்னும் காணவில்லை. அலையைக் கூட்டுவார்கள், வாத்தியத்தைக் கூட்டுவார்கள். நாலு பேரைக் காப்பாற்றிவிட்டு மூன்று என்று அறிக்கை விடுவதற்கு அவர்களுக்கு என்ன லாபம்?

"கூட்டித்தான் செல்லும்," என்றேன்.

அதோடு இன்னொன்றும் எனக்குப் பிடிபட்டது. மீனவர் அடையாள அட்டை இல்லாத ஆளைத் துறைமுகத்துக்குள் காட்டமாட்டார்கள். அலைதடுப்புக் கல்லுக்கு அப்பால், சின்னப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். துறைமுகப் பதிவில் மூன்று பேர், மூன்று ஜக்கட். கடலுக்குள் நாலு பேர். சியாமையும் அப்படித்தான் ஏற்றினார்கள். ஒளித்துச் செய்த காரியமில்லை. கரையில் நின்ற எல்லாரும் கையசைத்து அனுப்பினார்கள். எங்களுக்கு அது அவ்வளவு பழகிய விஷயம், அதனால் யாருக்கும் அது கணக்கில் வரவே இல்லை.

"என்ட புள்ள ஹயாத்தோட, உசிரோட இரிக்கான்," என்றார் ஆசியா உம்மா, கயிற்றுச் சுருளில் இருந்தபடி. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் பதாகை கட்டக் கயிறு எடுக்க முகைதீன்பாவாவும் பதியுதீனும் வந்தார்கள். முதலாளி வாசலிலேயே, "சீனி, நைலோன் கயிறு அம்பது யார் அளந்து வெட்டு," என்றார். பதியுதீன் திரையைப் பார்த்துவிட்டார். தன் கையை, அந்த மூன்று விரலை.

நஸ்லா திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"பதியுதீன் காக்கா, நேவிக்காரன் என்ன கேட்டான்?"

பதியுதீன் முதலாளியைப் பார்த்தார்.

"அவரப் பாக்காதீங்க. என்னப் பாத்துச் செல்லுங்க. எத்தின பேர் எண்டுதானே கேட்டான்?"

"ஓம்."

"நீங்க மூணு எண்டு காட்டினீங்க."

"ஓம்."

"ஏன்?"

"கேக்கக்குள்ள அவன் இல்ல புள்ள."

முதலாளி, "பதியுதீன், வா போவம், ஜும்ஆக்கு நேரமாகுது," என்றார். மணி ஒன்பதரை. பதியுதீன் அசையவில்லை. சொல்ல ஆரம்பித்தார். இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டு திரிந்த ஆள்போலச் சொன்னார்.

"அலை மெய்தான். ஊரில சிரிக்காங்க, ஆனா அங்க அப்பிடித்தான் அடிச்சிச்சி. ஜக்கட் மூணு, ஆள் நாலு. மாறி மாறிப் போட்டம். முறை வெச்சிருந்தம். இல்லாதவன் எஞ்சின் பெட்டியோட கயிறு போட்டுக் கட்டிக்குவான். அண்டைக்கு சியாம்ட முறை முடிஞ்சிச்சி. நேரம் வந்திட்டு காக்கா எண்டு கழட்டி என்ட கையில தந்தான். நான் செல்லியிருக்கணும், கயிற முதல்ல கட்டு எண்டு. நான் பட்டிய மாட்டிக்கிட்டு இரிக்கக்குள்ள ஒரு அலை. அவ்வளவுதான். பாக்கன், ஆள் இல்ல."

ஆசியா உம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பொறகுதான் நேவி வந்திச்சி. எத்தின பேர் எண்டு கேட்டாங்க. நாலு எண்டா பதிவில மூணுதானே எண்டு கேப்பாங்க, படகு போயிரும், வழக்கு வரும் எண்டு..." அவர் நிறுத்தினார். "மூணுதான் வாயில வந்திச்சி. கைதான் முதல்ல தூக்குப்பட்டிச்சி."

"நாலு எண்டு செல்லியிருந்தா?"

"கிடைச்சிருக்க மாட்டான் புள்ள. நாள் கழிஞ்சி போயிட்டு."

"நான் அதக் கேக்கல்ல."

பதியுதீன் சொன்னார்: "தேடியிருப்பாங்க."

முகைதீன்பாவா முதலாளி ஓர் அடி முன்னால் வந்தார். குரலில் வெண்ணெய். "தங்கச்சி, அல்லாஹ்ட நாட்டத்த நாம என்ன செய்யிற? நான் உங்கள உட்டுப்போட மாட்டன். ஒரு தொகை செல்லுங்க. பேசி முடிச்சிக்குவம். இத வெளியில கொண்டு போனா மூணு குடும்பத்திட சோறு..."

"தொகை வேணாம்."

"அப்ப என்ன வேணும்?"

"பதியுதீன் காக்கா இண்டைக்கு ஜும்ஆக்குப் பொறகு பள்ளியில எழும்பி இதச் செல்லணும். மைக்கில."

"எதுக்கு புள்ள ஊரக் கூட்டி?" என்றேன் நான். நான் கேட்கக் கூடாத கேள்விதான். இருந்தாலும் அவள் எனக்குப் பதில் சொன்னாள்.

"இல்லாட்டி இந்த ஊர் அவர மௌத்தாக உடாது காக்கா. ஒரு நாள் திருகோணமலையில வெச்சிரிப்பாங்க, ஒரு நாள் இந்தியாவில. நான் சாகு மட்டும் ஒவ்வொரு முகாம் வாசலா நிக்கணும். நேவி செல்லி ஆரு நம்பின? இவர் செல்லட்டும்."

பதியுதீன் தலையசைத்தார். முதலாளி கயிறு எடுக்காமல் போனார். நான் கயிற்றை ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தேன். ஐம்பது யார்.

ஜும்ஆ முடிந்ததும் பதியுதீன் எழுந்து சொன்னார். நீட்டவில்லை. நாலு பேர் போனோம், சியாம் கடலில் மௌத்தாகிவிட்டான், நேவியிடம் மூன்று என்று நான்தான் சொன்னேன், எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். பிறகு மௌலவி எழுந்து, கடலில் போனவனுக்காக, ஜனாஸா இல்லாமல் தொழுகை நடத்தினார். தொழுதவர்கள் தொழுதார்கள். வெளியே பஸ்கள் காத்திருந்தன, பதாகை சுருட்டியபடி கிடந்தது, பிளேன்டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

படியில் செருப்புத் தேடும்போதே நளீம் என் காதுக்குள் வந்தான்.

"சீனிக் காக்கா, பதியுதீனுக்கு நேவி எவ்வளவு குடுத்திரிக்கும்?"

"என்ன செல்லுறாய்?"

"சும்மா எழும்பிச் செல்லுவானா? ஆர்ப்பாட்டத்த நிப்பாட்டுறத்துக்கு ஆரோ ஏற்பாடு பண்ணியிரிக்காங்க. நீங்க யாவாரி, உங்களுக்குத் தெரியாதா, எதுக்கும் ஒரு விலை இரிக்கிதானே."

பின்னால் நின்ற இரண்டு பேர் தலையசைத்தார்கள். நான் சொன்னால் நம்புவான் என்று பச்சைப் பட்டியிலிருந்து எடுத்துச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "உங்கட கடைக்கும் வந்து கதைச்சிரிக்காங்கபோல," என்றான். அதோடு நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் பதியுதீன் கல்முனைப் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தார். முகைதீன்பாவாவின் படகு ஒலுவில் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. வழக்கு முடியும்வரை கிடக்கும். துலக்சனும் ஸிராஜும் வேறு படகில் போகக் கேட்டுத் திரிகிறார்கள். என்னிடம் வந்து ஆளுக்கொரு ஜக்கட் கேட்டார்கள். சொந்தத்துக்கு. விலை பேசினார்கள், நானும் பேசினேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நஸ்லாவின் வீட்டுக்கு மௌலவி போனார், இத்தா எண்ணிக்கை சொல்ல. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மௌத்தான நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். அவள் தெரியாமல் அலைந்த நாட்களும் அதில் கழியும். எந்த நாள் என்று சொல்லப் பதியுதீன் வேண்டும். பதியுதீன் தனியாகப் போகப் பயந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவள், ஆசியா உம்மா, அக்கம்பக்கத்துப் பெண்கள். இந்தப் பக்கம் நாங்கள்.

"நாள் எங்களுக்குத் தப்பிட்டு ஹஸரத்," என்றார் பதியுதீன். "நேவி வந்த ஞாயிறுக்கு முன்னுக்கு வந்த வெள்ளிக்கிழமை. இல்லாட்டி அதுக்கு முந்தின வியாழன். ரெண்டில ஒண்டு. அல்லாஹ் அறிய எனக்கு நிச்சயமில்ல."

மௌலவி தாடியைத் தடவினார். வியாழன் என்றால் ஒரு நாள் குறையும், வெள்ளி என்றால் ஒரு நாள் கூடும். அவர் வாய் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து நஸ்லாவின் குரல் வந்தது.

"வெள்ளி எண்டு வைங்க ஹஸரத்."

என் வாழ்நாளில் எத்தனையோ கணக்குத் தீர்த்திருக்கிறேன். தான் கொடுக்க வேண்டிய பக்கத்தில் தானாக ஒன்றைக் கூட்டிக்கொண்ட ஆளை அன்றுதான் கண்டேன்.

மௌலவி விரல் மடித்து எண்ணினார். மொத்தம் நூற்று முப்பது நாள். காத்திருப்பிலும் முகாம் வாசலிலும் கச்சேரியிலும் பஸ்ஸிலும் கழிந்தது பதினாலு. மிச்சம் நூற்றுப் பதினாறு.